ஓட்டுநர் இருக்கையில் உட்காராத பொம்மை

அடுத்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தால் மூக்கு வழியாக ஒரு காற்று வருமே, அது. கூடவே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை.

பல்செட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். அவர் கையில் ஒரு லாரியின் கதவு இருந்தது, தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறியது. அதன் ஓரத்தை இழைத்துக்கொண்டிருந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மகள். மகளின் காதில் தொலைபேசி. தொலைபேசிக்கு அந்தப் பக்கம் அவன்.

"அப்பா அரத்தை நிறுத்திட்டாரு. ஒட்டுக் கேட்கிறாரு போல. வெச்சிடறேன்," என்று மகள் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அவர் அவசரமாக அரத்தை எடுத்து மறுபடி இழைக்க ஆரம்பித்தார். இழைக்க வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது. கதவு பாழாயிற்று.

பல்செட்டுக்காரர் என்றுதான் அந்தத் தெருவில் அவரை எல்லோரும் சொல்வார்கள். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பற்கள் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஒரு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம், பிளாஸ்டர் தூளும் மெழுகு வாசனையுமாக ஒரு சின்னப் பட்டறை. அங்கே அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். கணவனை இழந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்ட அவருடைய அக்கா அந்தப் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "ஊர் வாயெல்லாம் உன் கையில இருக்குடா. ஆனா ஒரு வாய் சொல்றதையும் நீ நம்ப மாட்டே."

அதில் பொய் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி, மறுபடி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். பேருந்து நடத்துநர் இதுதான் கடைசி வண்டி என்று சொன்னால், பின்னால் இன்னொன்று வருகிறதா என்று நின்று பார்ப்பார். அது வராததால் வீடுவரை நடந்தே வந்திருக்கிறார். யாரிடமும் எதையும் நேராகக் கேட்கவும் மாட்டார். கேட்டால் மனிதன் பொய் சொல்வான் என்பது அவர் கட்சி. பொருளைப் பார், பொருள் பொய் சொல்லாது.

பிறக்கும்போதே அவர் அப்படி இருக்கவில்லை. மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது, சாதாரணக் காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு மருத்துவர் சொன்னார். அந்த வார்த்தையை நம்பி அவர் நிம்மதியாகத் தூங்கினார். அவள் போய்விட்டாள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வாசலில் நின்ற மகளைப் பார்த்த அந்தக் கணத்தில் அவருக்குள் எதுவோ தாழ் போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தத் தாழை யாராலும் திறக்க முடியவில்லை.

வீட்டின் பின்னறைதான் அவருக்கு ஆறுதல். அங்கே கண்ணாடி அலமாரிகளில் லாரிகள் நின்றன. எல்லாம் நிஜ லாரியில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு. கடையில் பெட்டியில் கிடைக்கும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி முடித்துவிட்டால் அது அவருக்கு லாரி ஆகாது. அடிச்சட்டத்தை வெட்டி நீட்டுவார். பல் கட்டும் பசையை ஊற்றி முகப்பு விளக்குக் கண்ணாடி வார்ப்பார். பல் கம்பியை வளைத்துக் காற்றுக் குழாய் செய்வார். மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்துத் தார்ப்பாய் விரிப்பார். உப்புத் தூவி, அதன்மேல் வண்ணம் அடித்து, காய்ந்ததும் உப்பை உதிர்த்தால் வண்ணம் திட்டுத் திட்டாய்ப் பெயர்ந்து அடியில் துரு தெரியும். பார்ப்பவர்கள் விரலால் தொட்டுவிட்டு விரலைப் பார்ப்பார்கள். நிஜ வண்டியில் ஒரு நசுங்கல் இருந்தால் இதிலும் அதே இடத்தில் அதே நசுங்கல். உள்ளதைக் குறைப்பதும் இல்லை, இல்லாததைச் சேர்ப்பதும் இல்லை.

இத்தனை லாரி செய்தவர் ஒரு லாரியில்கூட ஏறி உட்கார்ந்ததில்லை. சாலை என்றாலே அவருக்குக் குலை நடுங்கும். லாரி வேண்டும், ஆனால் கண்ணாடிக்குள், சக்கரம் சுழலாமல் நிற்க வேண்டும்.

அப்படிப்பட்டவரின் வீட்டுக்குத்தான் ஒரு லாரிக்காரன் பெண் கேட்டு வந்தான்.

மகள் ஒரு பார்சல் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். சரக்கு ஏற்ற வருகிறவர்களுக்குச் சீட்டுப் போடும் வேலை. சில மாதங்களாக வெளியூர்க் கிளைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்று அடிக்கடி வெளியூர் போனாள். அங்கே பழக்கமானவன்தான் இவன். நெடுநெடுவென்ற உயரம். வீட்டுக்குள் நுழையும்போதே நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். உட்கார்ந்ததும், "சொந்த வண்டி மாமா. நானேதான் ஓட்டுறேன். கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது," என்றான்.

முதல் நாளே மாமாவா என்று பல்செட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. கெட்ட பழக்கம் கிடையாது என்று ஒருவன் கேட்காமலே ஏன் சொல்கிறான்? சிரிக்கும்போது பல் வரிசை நன்றாக இருக்கிறதே, இவ்வளவு நன்றாகவா இருக்கும், கட்டிய பல்லோ என்றுகூட உற்றுப் பார்த்தார். சொந்தப் பல்தான். அதில் அவருக்குச் சின்ன ஏமாற்றம்.

பெண் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "உங்க வண்டியைச் சின்னதா ஒண்ணு செஞ்சு தரலாம்னு ஆசை. படம் எடுத்து அனுப்புங்க தம்பி. எல்லாப் பக்கமும் வேணும்," என்றார்.

மகள் முகம் பூத்துவிட்டது. அப்பா மனசு இறங்கிவிட்டது என்று அவள் அத்தையைக் கட்டிக்கொண்டாள். அத்தை மட்டும் தன் தம்பியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், தம்பி ஆசையில் கேட்கவில்லை, தூண்டில் போடுகிறான் என்று. மனிதனைக் கேட்டால் பொய் வரும். வண்டியைக் கேட்டால் வண்டி சொல்லிவிடும். அதுதான் அவர் திட்டம்.

படங்கள் வந்தன. ஒன்றா, இரண்டா? முன்பக்கம், பின்பக்கம், கூரை, எண்ணெய்த் தொட்டி, அடிச்சட்டத்துக்குக் கீழே இருந்து ஒன்று, சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று. அவற்றை மகள் தன் தொலைபேசியில் கொண்டுவந்து காட்டினாள். அவர் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்து டயரின் உயரத்தைக் கணக்கிட்டார். டயர் உயரம் தெரிந்துவிட்டால் படத்தில் உள்ள மற்றெல்லாவற்றையும் கவராயத்தால் அளந்துவிடலாம். முதலில் சில நாட்கள் உளவு பார்க்கிறோம் என்பதையே மறந்துபோனார். அவ்வளவு அழகான வண்டி. மூலையில் ஒரு பழைய நசுங்கல், அதைத் தட்டி நிமிர்த்தியவன் நல்ல கைக்காரன். இருக்கைக்குப் பின்னால் படுத்துத் தூங்கும் இடத்துக்கு யாரோ பொறுமையாகத் திரை தைத்திருந்தார்கள்.

பிறகு ஒருநாள் ஓட்டுநர் அறையின் உட்புறப் படம் வந்தது. அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

இருக்கை, அது நகரும் தடத்தின் முன்கோடிவரை தள்ளப்பட்டிருந்தது. முதுகுக்கு ஒரு மெத்தை. கிளட்ச் மிதியிலும் பிரேக் மிதியிலும் மரக்கட்டைகள் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன, கால் எட்டாதவர்களுக்குக் கட்டுவது போல. மேலே உள்ள கண்ணாடி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. நிலையில் தலை இடிக்கிற உயரம் உள்ளவன் அந்தக் கண்ணாடியில் தன் நெஞ்சுச் சட்டைப் பொத்தானைத்தான் பார்க்க முடியும்.



அன்று மாலை, பெண் கேட்டு வந்தபோது அவன் நிலைக்கு அடியில் எவ்வளவு குனிந்தான் என்பதை நினைத்துப் பார்த்து, நாற்காலி போட்டு ஏறி நிலையை அளந்தார். அக்கா கேட்டதற்குக் கரையான் அரிக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். அந்த உயரத்தை இருபத்துநாலால் வகுத்து, மெழுகில் ஒரு ஆள் பிடித்து, வார்த்து, கைகால் மடங்கும்படி கம்பி கொடுத்தார். முகம்கூட அவன் முகம். அதைச் செய்துவைத்த லாரியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டின. தலை கூரையில் முட்டியது. எப்படிச் சாய்த்தாலும் பொம்மை உட்கார மறுத்தது.

அப்படியானால் அந்த வண்டியை ஓட்டுவது யார்? வண்டி அவனுடையதே இல்லையோ? யாருடைய வண்டிக்கோ பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்புகிறானோ? இதில் பொய் சொல்பவன் இன்னும் எதிலெல்லாம் பொய் சொல்லியிருப்பான்? தாயில்லாப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து வளர்த்து ஒரு போக்கிரி கையிலா பிடித்துக் கொடுப்பது? இரண்டு கவளம் சோற்றுக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. மகள் எதிரில் உட்கார்ந்து தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு முன்கை மட்டும் மற்றதைவிடக் கறுத்திருப்பதை அவர் கவனித்தார். உள்ளங்கை காய்த்திருப்பதையும் கவனித்தார். சட்டைக் கையில் கறுப்புக் கறை. இவன் வண்டியைக் கழுவ வைக்கிறானோ, கல்யாணத்துக்கு முன்பே வேலை வாங்குகிறானோ என்று அதற்கும் அவன்மேலேயே கோபம் வந்தது. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பட்டறையைப் பாதி நாள் பூட்டிவிட்டு, மேம்பாலத்துக்கு அப்பால் லாரிகள் நிற்கும் திடலுக்குப் போனார். கையில் பல்செட் வைக்கும் பை. அந்த வண்டி அங்கே நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு ஆணியையும் தன் கையால் வைத்தது போல் அவருக்குத் தெரிந்த வண்டி, முதல் தடவையாக முழு உயரத்தில் எதிரே நிற்கிறது. மூலை நசுங்கலைத் தொட்டுப் பார்த்தார். சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று ஒரு கணம் பெருமைப்பட்டார். பிறகு வந்த வேலை ஞாபகம் வர, படியில் ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பற்றி உள்ளே எட்டிப் பார்க்க ஏறினார். செருப்பு வழுக்கியது.

பஞ்சர் ஒட்டுகிறவன் டயரை உருட்டிக்கொண்டு வந்து பின்னால் நின்றான். யார் நீங்கள், வண்டியில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டான்.  பல்செட் கட்டுகிறவன் என்று சொன்னார்.

"லாரிக்குப் பல் கிடையாதுங்களே," என்றான் அவன். அப்புறம் அவருடைய பையைப் பார்த்தான். "ஆளுங்க சாப்பிடப் போயிருக்காங்க. வந்ததும் கேளுங்க. அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

ஆளுங்க என்றான். ஒருவன் இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, திருடன் மாதிரி விறுவிறுவென்று வெளியேறினார். நின்று பார்த்திருக்கலாம். ஆனால் பார்த்தால் தன்னையும் பார்த்துவிடுவார்களே.

வீட்டுக்கு வந்து இன்னொரு பொம்மை செய்தார். இந்த முறை ஆளுக்கு வண்டி தேடவில்லை, வண்டிக்கு ஆள் தேடினார். இருக்கை, மிதி, கண்ணாடி மூன்றையும் வைத்துக் கால் இவ்வளவு, இடுப்பிலிருந்து கண்வரை இவ்வளவு, கை நீளம் இவ்வளவு என்று கணக்குப் போட்டு வார்த்தார். சிறிய உருவம், குறுகிய தோள். அச்சடித்தாற்போல் இருக்கையில் போய் உட்கார்ந்தது. இவன்தான் நிஜமான ஓட்டுநர், இவனை ஒளித்து வைத்துவிட்டுத்தான் அந்த நெட்டையன் நம் வீட்டில் வந்து நாடகமாடுகிறான் என்று பல்லைக் கடித்தார். முகத்தில் ஒரு திருட்டுக் களை வரட்டும் என்று மெல்லிய தூரிகையால் மீசையும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். மகள் காலையிலிருந்தே சிறகு முளைத்தவளாய் அங்குமிங்கும் அலைந்தாள். பரணிலிருந்து நல்ல தட்டுகளை எடுக்க முக்காலி போட்டு ஏறினாள், எட்டவில்லை, அவன் வந்து எட்டி எடுத்துக் கொடுத்தான். அத்தை இருவரையும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல்செட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கூடத்து மேசைமேல் மூடியிருந்த துணியை எடுத்தார்.

அவன் அப்படியே தரையில் மண்டியிட்டான். கண்ணை லாரியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம்வரை மெதுவாக நகர்ந்து பார்த்தான். மூலை நசுங்கலைப் பார்த்ததும் சிரித்தான். திரையைப் பார்த்ததும், இது எங்கம்மா தைச்சது, அந்தத் தையல்கூட வந்திருக்கு என்று நெகிழ்ந்து சொன்னான். அவனுக்குத் தொடத் தோன்றியது, தொடவில்லை. அனுமதிக்காக அவர் முகத்தைப் பார்த்தான்.

பல்செட்டுக்காரர் அவன் கையில் முதல் பொம்மையைக் கொடுத்தார். "இது நீங்க. உள்ளே உட்கார வைங்க."

அவன் லாரியின் கதவைத் திறந்தான். பொம்மையின் காலை மடக்கி உள்ளே விட்டான். முழங்கால் இடித்தது. சாய்த்துப் பார்த்தான். தலை இடித்தது. உடைந்துவிடப் போகிறது என்று வெளியே எடுத்து, உள்ளே குனிந்து பார்த்தான். மிதிகளில் நூல் கனத்தில் வார் சுற்றிய கட்டைகள். அவன் சிரிப்பு அடங்கியது. தலையை உயர்த்தி மகளைப் பார்த்தான். அவள் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பு அசையாமல் நின்றது.

"உட்கார மாட்டேங்குதா?" என்றார் பல்செட்டுக்காரர். "நானும் பல தடவை பார்த்துட்டேன். சீட்டு உங்களுக்குப் போட்டதில்ல. கண்ணாடி உங்களுக்குத் திருப்பினதில்ல. கட்டை உங்க காலுக்குக் கட்டினதில்ல. நானேதான் ஓட்டுறேன்னு சொன்னீங்களே, தம்பி. உங்க வண்டியை ஓட்டுறது யாரு?"

 அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டாவது பொம்மையை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். "இவன் யாரு?"

அக்காதான் முதலில் அசைந்தாள். பொம்மையைக் கையில் எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை மகளின் தோளருகே பிடித்தாள்.

"மீசையை எடுத்துடுடா," என்றாள். "உன் பொண்ணு."

 மகள் செம்பைக் கீழே வைத்தாள்.

"ஆமாம்பா. நான்தான் ஓட்டுறேன். நானும் அவரும் மாத்தி மாத்தி ஓட்டுறோம். நான் இறங்கினதும் அவர் சீட்டைப் பின்னாடி தள்ளிக்குவாரு, கட்டையைக் கழட்டிடுவாரு. அன்னிக்கு படம் எடுக்கிற அவசரத்துல மறந்துட்டோம்."

பார்சல் நிறுவனத்து வேலையை எப்போதோ விட்டாயிற்று. பெரிய வண்டி ஓட்டும் பள்ளியில் முறையாகச் சேர்ந்து, சோதனையில் தேறி, உரிமம் வாங்கியாயிற்று. வெளியூர்க் கிளை என்பதெல்லாம் லோடு போன ஊர்கள். அத்தைக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எல்லாவற்றையும் அவள் தலை குனியாமல் சொன்னாள்.

பல்செட்டுக்காரர் அவளுடைய கையைப் பார்த்தார். சன்னல் பக்கம் வெயில் பட்டுக் கறுத்த முன்கை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. கிரீஸ் கறை. எல்லாமே அவர் கண்ணில் பட்டவைதான். அவர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அளந்த அளவுகளில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. தன் மகளின் காலையும் கையையும் தோளையும் மயிரிழை பிசகாமல் வார்த்தெடுத்துவிட்டு, அவளை அடையாளம் தெரியாமல் மீசை வைத்திருக்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சொன்னேன்பா. பள்ளிக்கூடம் முடிச்சப்போ சொன்னேன், பெரிய வண்டி ஓட்டக் கத்துக்கணும்னு. நீங்க திட்டியிருந்தா பதில் பேசியிருப்பேன். ஏன்னு கேட்டிருந்தா அழுதாவது சொல்லியிருப்பேன். நீங்க ஒண்ணுமே பேசல."  "மறுநாள்லேர்ந்து என் பையைத் திறந்து பார்க்க ஆரம்பிச்சீங்க."

அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது, சத்தம் வராமல், பையின் ஜிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திறந்த தன் விரல்களைப் பல்செட்டுக்காரர் பார்த்தார். அவளுக்குத் தெரியாது என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார். அவளோ தெரிந்தும் ஒவ்வொரு நாளும் பையை அதே இடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். பெற்ற தகப்பனுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

அந்த இளைஞன் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தான். மெதுவாக எழுந்தான். தன் முகம் உள்ள பொம்மையை லாரிக்குப் பக்கத்தில், விழுந்துவிடாமல், கவனமாகப் படுக்க வைத்தான்.

"நானேதான் ஓட்டுறேன்னு சொன்னது தப்புங்க சார்," என்றான். மாமா சார் ஆகிவிட்டார். "அவங்க சொல்ல வேணாம்னாங்க, நானும் பாதியை மறைச்சேன். அதுக்கு மன்னிச்சிருங்க. ஆனா அந்தப் படமெல்லாம் வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்து எடுத்தேன். எங்கம்மா பக்கத்துல உட்கார்ந்து டார்ச் பிடிச்சாங்க. சம்பந்தி ஆசைப்பட்டுக் கேட்டிருக்காரு, நல்லா தெளிவா எடுடான்னாங்க. நீங்க ஆசையில கேட்கலன்னு அவங்ககிட்ட நான் எப்படிப் போய்ச் சொல்றதுன்னு தெரியல."

தெருமுனையில் வண்டி நிற்கிறது, ரொம்ப நேரம் நிறுத்தினால் சத்தம் போடுவார்கள் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனான். அத்தை பின்னாலேயே போய், கல்யாணப் பேச்சு என்னப்பா ஆச்சு, ஒண்ணும் சொல்லாம போறியே என்றாள். அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்வதாக அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுடைய வாழ்க்கை அந்த வாசல்படியில் ஒரு செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு வார்த்தையும் கெஞ்சவில்லை.

பல்செட்டுக்காரர் எழுந்தார். உரிமத்தைக் காட்டு, எந்தப் பள்ளியில் படித்தாய், யார் கையெழுத்துப் போட்டது என்ற கேள்விகள் பழக்கதோஷத்தில் நாக்கின் நுனிவரை வந்தன. எதையாவது கையில் வாங்கிப் பார்த்துவிட்டால் போதும், நெஞ்சு ஆறிவிடும். மகளும் அதை எதிர்பார்த்தவள் போலத் தன் பையை எடுக்கக் கையை நீட்டினாள். அந்த நீட்டிய கையைப் பார்த்ததும் அவர் அந்தக் கேள்விகளை விழுங்கிக்கொண்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். வாசலில் நின்றவனைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவனிடம் அவர் நேராகக் கேட்கிற முதல் கேள்வி.

"எம்பொண்ணு எப்படி ஓட்டுவா?"

 அவன் நிஜமாகவே யோசித்தான்.

"மேட்டுல கியர் மாத்தும்போது அவசரப்படுவாங்க. சொன்னா கோவம் வரும்," என்றான். "மத்தபடி என்னைவிட நிதானம். அவங்க ஓட்டும்போதுதான் நான் பின்னாடி படுத்து நிம்மதியாத் தூங்குவேன்."

நிம்மதியாகத் தூங்குவேன் என்ற அந்தச் சொல் பல்செட்டுக்காரருக்கு எங்கேயோ போய்த் தைத்தது. பின்வாங்கிவிடலாம் போலிருந்தது.  பிறகு, "சரி," என்றார். அதைச் சரிபார்க்க அவரிடம் படம் இல்லை, கவராயம் இல்லை, அளவு இல்லை. அந்த வாய் சொன்னது மட்டும்தான் இருந்தது.

"அம்மாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார். "நான் வந்து என் வாயால சொல்றேன். எதுக்குப் படம் கேட்டேன்னும் சொல்றேன். அவங்க திட்டினா வாங்கிக்கிறேன்."

"எப்படி வருவீங்க? தூரமாச்சே."

"வண்டியிலதான்." மகள் பக்கம் கையைக் காட்டினார். "அவ ஓட்டட்டும்."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வையில் கண்ணீரைவிடச் சந்தேகமே அதிகம் இருந்தது. அப்பா இதிலும் எதையாவது அளக்கப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம். அவள்மேல் தப்பு இல்லை.

வாசலில் நின்றவனும் அவரை அப்படித்தான் பார்த்தான். நெற்றியிலிருந்து பாதம்வரை, நிதானமாக, இந்த மனிதர் சொல்வதை நம்பலாமா என்று. அடுத்தவரை அப்படிப் பார்த்தே பழகியவருக்கு, அந்தப் பார்வைக்கு அடியில் நிற்பது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஓடி ஒளியாமல் நின்றார்.

"வியாழக்கிழமை எங்க ஊர்ப்பக்கம் ஒரு லோடு இருக்கு," என்றான் அவன் கடைசியில். "விடியக்காலைல கிளம்பணும். அம்மாகிட்ட நீங்க வர்றீங்கன்னு மட்டும் சொல்லி வெக்கிறேன். வரலன்னா, வரலன்னு சொல்லிக்கிறேன்."

"வருவேன்," என்றார்.

அவன் நம்பினானா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அத்தையிடம் ஒரு தலையசைப்பு, மகளிடம் ஒரு பார்வை. நிலைக்கு அடியில் குனிந்து வெளியே போனான். படிகளில் கனமான காலடிகள் இறங்கின. மகள் வாசல்வரை போய், அவை கேட்காமல் போகிறவரை நின்றுவிட்டு, கதவைச் சாத்தினாள்.